காலண்டரில் பெயர் வராதவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

எங்கள் சைக்கிள் குழுவின் இந்த வருடக் காலண்டர் இன்னும் சில நாட்களில் சுவரிலிருந்து இறங்கிவிடும். பந்தயங்களில் ஜெயித்தவர்களின் படங்கள் வாட்ஸ்அப்பில் கோவை முழுக்கச் சுற்றி முடித்துவிட்டன. சைக்கிளில் ஏறாமலேயே இந்த வருடத்தை ஓட்டிக் கொடுத்தவர்களுக்குத்தான் இந்த மடல். பெயரைப் போட வேண்டாம் என்று உங்களில் பாதிப் பேர் சொல்லிவிட்டீர்கள். மீதிப் பேரிடம் கேட்க எனக்கு மறந்துவிட்டது. அதனால் யார் பெயரும் இதில் இல்லை. படித்தால் உங்களுக்கே தெரியும்.

முதலில் என் தப்பிலிருந்து தொடங்குகிறேன். சித்திரையில் அவிநாசி வரை போய்த் திரும்பும் குடும்ப சவாரிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்தவன் நான்தான். அது தேர்த் திருவிழா நாட்களுக்குள் வருகிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. அத்தனை பெரிய தேர் நகரும் ஊருக்குள் குழந்தைகளோடு நாற்பது சைக்கிள்களை விடப் பார்த்திருக்கிறேன்! காலண்டர் அச்சாகி வந்த பிறகு அதைப் பார்த்துச் சொன்னவர், எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியம்மா. "ஏங்கண்ணு, தேரோட்டத்துக்கா சைக்கிள்ல போறீங்க?" என்று கேட்டார். இரண்டே நாளில் சவாரியை சிறுவாணிச் சாலைக்கு மாற்றினோம். அங்கே தன் தோப்பைத் திறந்துவிட்டு, கேட்காமலேயே எல்லோருக்கும் இளநீர் வெட்டிப் போட்டவருக்கு நன்றி. அடுத்த வருடமும் அங்கேயே போகலாம் என்று பிள்ளைகள் முடிவு செய்துவிட்டார்கள்.

மாசியில் 400 கிலோமீட்டர் பி.ஆர்.எம்., அதாவது குறித்த நேரத்துக்குள் ஓட்டி முடிக்க வேண்டிய நெடுந்தூர சவாரி. இது பந்தயம் இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் வீட்டில் நம்புவதில்லை. பாரிஸில் இருக்கும் ஆடாக்ஸ் கிளப் வகுத்த விதிப்படி 27 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். முதலில் வந்தவருக்கும் கடைசியில் வந்தவருக்கும் ஒரே மரியாதை. நடுவில் உள்ள ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரு கெடு உண்டு. கெடுவுக்குள் போய் அட்டையில் நேரத்தை எழுதி வாங்க வேண்டும். திரும்பும் வழியில் ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு டீக்கடையைப் பிடித்தோம். காய்கறி லாரிகள் வந்து போகும் ஊர் என்பதால் அந்தக் கடைக்கு ராத்திரி என்பதே கிடையாது. அங்கே கெடு நள்ளிரவு பன்னிரண்டு.

டீக்கடை அண்ணா, அந்தக் கடைசி ஆளை உங்களுக்கு நினைவிருக்கும். பதினொன்று ஐம்பத்து நாலுக்கு வந்து சேர்ந்தார். உங்கள் கடைக் கடிகாரமோ பன்னிரண்டு நாலு என்றது. அது எப்போதும் பத்து நிமிடம் முன்னால்தான் ஓடுமாம். அதைப் பார்த்த மனிதர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார், முகத்தைப் பார்க்க முடியவில்லை. எங்கள் ஆள் போனில் சரியான நேரத்தைக் காட்டி அட்டையை நிரப்பிக்கொண்டிருந்தபோது, நீங்கள் ஸ்டூலைப் போட்டு ஏறிக் கடிகாரத்தையே திருத்தி வைத்தீர்கள். அப்புறம் சர்க்கரை தூக்கலாக ஒரு டீயைக் கையில் கொடுத்துவிட்டு, காசு வாங்க மறுத்துவிட்டீர்கள். "பழனிக்கு நடந்து போறவங்களுக்குக் குடுக்கறதில்லையா, அந்தக் கணக்குதான்" என்றீர்கள். அவர் காலை எட்டே முக்காலுக்கு கோவை வந்து சேர்ந்தார், கெடுவுக்குப் பதினைந்து நிமிடம் முன்பாக.

ஆடியில் பொள்ளாச்சி–உடுமலை சாலையில் நேரப் பந்தயம். நிமிடத்துக்கு ஒருவராகப் புறப்பட்டு, ஒருவர் நிழலில் இன்னொருவர் ஒளியாமல் தனியாக ஓட்ட வேண்டும். போக 10 கிலோமீட்டர், வர 10. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று போகும்போது முதுகைத் தள்ளும், திரும்பும்போது நெஞ்சில் கை வைத்து நிறுத்தும். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். எட்டுக் கிலோ சைக்கிள் என்ன ஆகும்? இந்தக் காற்றில் பந்தயம் வைக்காதே என்று சிலர் வருடா வருடம் சொல்கிறார்கள். எனக்கோ இந்தக் காற்றுக்காகவேதான் அதை ஆடியில் வைக்கத் தோன்றுகிறது.

அன்று காலை ஐந்தரை மணிக்கு நெஞ்சு எண்களைப் பிரித்துக் கொடுத்த பிறகுதான், அவற்றைக் குத்தும் ஊக்குப் பெட்டி என் வீட்டு மேசையிலேயே இருப்பது தெரிந்தது. ஒருவருக்கு நான்கு ஊக்கு, மொத்தம் முப்பத்தாறு பேர். அந்த நேரத்தில் எந்தக் கடை திறந்திருக்கும்? வழியனுப்ப வந்திருந்த அம்மாக்களும் அக்காக்களும் ஒன்றும் பேசவில்லை. வளையலில் கோத்திருந்ததையும் தாலிக்கொடியில் மாட்டியிருந்ததையும் கழற்றித் தர ஆரம்பித்தார்கள். ஆளுக்கு இரண்டு ஊக்கு கிடைத்தது, எண்கள் ஒரு பக்கம் தொங்கினாலும் பறக்கவில்லை. அந்த ஊக்குகளைத் திருப்பித் தருகிறேன் என்று சொன்னது நிஜம். ஆனால் எது யாருடையது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு டப்பாவில் இருக்கின்றன, வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

கோத்தகிரி ஏற்றத்துக்கு அனுமதி வாங்க ஓர் அலுவலகத்துக்கு மூன்று முறை நடந்தோம். அது போகட்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து முப்பது கிலோமீட்டருக்கு மேல், ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். கொண்டை ஊசி வளைவுகளில் விசிலும் சிவப்புக் கொடியுமாக நின்ற கல்லூரிப் பிள்ளைகளுக்கு நன்றி. அட்டைப் பூச்சி கடித்ததைக் கீழே இறங்கிய பிறகுதான் சொன்னீர்கள். கடைசி ஆளுக்குப் பின்னால் மூன்றரை மணி நேரம் முதல் கியரிலேயே வந்த குட்டி யானை ஓட்டுநருக்குத் தனியாக ஒரு வணக்கம். ஒரு தடவைகூட ஹாரன் அடிக்கவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "அடிச்சா அந்தம்மா அவசரப்படும், மூச்சு வாங்கும்" என்றார். அந்த அம்மா மேலே போய்ச் சேர்ந்ததும் முதலில் கை கொடுத்தது அவருக்குத்தான்.

ஆயுத பூஜைக்கு மெக்கானிக் ஐயாவின் கடை வாசலில் கூடினோம். லட்ச ரூபாய் கார்பன் வண்டியும் பால்காரரின் பழைய வண்டியும் பக்கத்தில் பக்கத்தில், இரண்டுக்கும் ஒரே சந்தனம், ஒரே குங்குமம். பொரி தின்றுகொண்டே ஐயா என் பின்சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பார்த்து, "கோட்டம் இருக்கு தம்பி, எத்தனை நாளா இப்படியே ஓட்டற?" என்று கேட்டார். பூஜை நாளில் ஸ்பேனரைத் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டு, மறுநாள் காலை ஆறு மணிக்கே கடையைத் திறந்து சரிசெய்து கொடுத்தார்.

உணவுப் பொட்டலம் கட்டியவர்கள், சாலைச் சந்திப்பில் வண்டிகளை நிறுத்திவைத்த காவலர்கள், முட்டியில் கட்டுப் போட்ட மருத்துவர், ஞாயிறு தோறும் நான்கு மணிக்கு அலாரச் சத்தத்தைப் பொறுத்துக்கொண்ட வீட்டார் எல்லோருக்கும் நன்றி. புரட்டாசியில் ஆண்டு விருந்தை வைத்து, பிரியாணியை எதிர்பார்த்து வந்தவர்களை வெஜிடபிள் குருமாவோடு அனுப்பியதற்கு மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்த வருடத் தேதிகளைப் போட்டு முடித்துவிட்டேன். அச்சுக்குக் கொடுக்கும் முன் பெரியம்மாவிடம் காட்டினேன். பஞ்சாங்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு தேதிகளை அடித்திருக்கிறார், ஒன்றின் பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறார். அந்தக் கேள்விக்குறி எதற்கு என்று நாளைக்குப் போய்க் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
தேதி குறிக்கும் பொறுப்பில் இன்னும் நீடிப்பவன்