சாவியைக் கொடுக்கும் முன் அந்த 17 எழுத்தைப் பாருங்கள்

அமெரிக்காவில் பழைய கார் விற்கும் டீலர்களுக்கு,

வணக்கம். ஹூஸ்டனில் நண்பர்கள் யாராவது பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போனால் என்னையும் கூட்டிக்கொண்டு போவார்கள். பல நேரம் அது மாஸ்டா ஆர்எக்ஸ்-8 ஆக இருக்கும். விலை குறைவு, ஓட்டவும் அருமையான கார்.

அதன் ரோட்டரி இன்ஜினுக்காக (பிஸ்டனுக்குப் பதில் ரோட்டர் சுழலும் இன்ஜின்) உங்களிடம் சண்டை போட வரவில்லை. ரோட்டரின் முனையில் இருக்கும் சீல் தேயும், இன்ஜினுக்குள் அழுத்தம், அதாவது கம்ப்ரஷன், இறங்கும், இக்னிஷன் காயில் போகும், சூடாக இருக்கும்போது ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். மாஸ்டாவே இன்ஜின் வாரண்டியை 8 ஆண்டு, 1 லட்சம் மைல் என்று நீட்டிக் கொடுத்தது. அந்தக் காலமும் எப்போதோ முடிந்துவிட்டது. ரோட்டரிக்கென்றே உள்ள கருவியில் கம்ப்ரஷன் பார்த்துப் பேரம் பேச வேண்டியது வாங்குபவர் பொறுப்பு. தவறினால் போவது பணம்.

ரீகால், அதாவது பாதுகாப்புக் குறையைச் சரிசெய்யக் கம்பெனியே காரைத் திரும்ப அழைப்பது, அப்படியல்ல. இதே கார், டகாட்டா என்ற நிறுவனம் செய்த ஏர்பேக்குகளுக்கான ரீகாலில் இருக்கிறது. அந்த ஏர்பேக்கை ஊத வைப்பது அமோனியம் நைட்ரேட். வெயிலும் ஈரப்பதமும் வருடக்கணக்கில் பட்டால் அது கெட்டுப்போய், விபத்தின்போது அளவுக்கு மீறி வெடிக்கும். உலோகக் கூடு சிதறி, சில்லுகள் முகத்திலும் கழுத்திலும் பாயும். இந்த நாட்டில் மட்டும் 20-க்கும் மேற்பட்டோர் இப்படி இறந்திருக்கிறார்கள். ஹூஸ்டன் வெயிலும் புழுக்கமும் உங்களுக்கே தெரியும். இங்கே பல வருடம் நின்ற காரை எந்தச் சோதனையும் இல்லாமல் ஒருவர் கையில் கொடுப்பது எனக்குப் பயமாக இருக்கிறது.

2004-இல் கலிஃபோர்னியாவில், ரீகால் வேலை முடிக்காத வாடகைக் காரில் போன சகோதரிகள் இருவர் இறந்தார்கள். அவர்கள் தாய் வருடக்கணக்கில் போராடினார். 2016 ஜூன் முதல், பெரிய வாடகை நிறுவனங்கள் ரீகால் சரிசெய்யாத காரைக் கொடுக்கக் கூடாது என்று சட்டமே வந்தது. பழைய கார் விற்பனைக்கு அப்படி ஒரு மத்தியச் சட்டம் இல்லை. மூன்று நாள் வாடகைக்கு எடுப்பவருக்கு உள்ள பாதுகாப்பு, அதே காரை ஐந்து வருடம் ஓட்டப்போகிறவருக்கு இல்லை. இதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

ஒரு விற்பனையாளரிடம் ரீகால் பற்றிக் கேட்டேன். "அது வாங்கினவர் பார்த்துக்கணும்" என்றார். காரைத் துடைத்துப் பளபளக்க வைக்க அரை நாள் எடுக்கிறீர்கள். காரின் 17 எழுத்து அடையாள எண்ணை அரசு சாலைப் பாதுகாப்புத் துறையின் தளத்தில் தட்டிப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

பழுதுபார்ப்புக்கு உங்கள் காசு போகாது, பொதுவாக ரீகால் வேலையைக் காரைத் தயாரித்த கம்பெனியின் டீலரே இலவசமாகச் செய்துகொடுப்பார். கார் விற்காமல் சில நாள் நிற்கும், அவ்வளவுதான். உதிரிபாகம் வரவில்லையா, வரும்வரை விற்காதீர்கள். அதுவும் முடியாதென்றால், இன்னும் சரிசெய்யாத ரீகால்களின் பட்டியலை அச்சிட்டு முன் கண்ணாடியில் ஒட்டுங்கள். வாங்குபவர் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே அது அவர் கண்ணில் பட வேண்டும்.