பெரிய புளியங்குளத்துக் கல்வெட்டுகளைப் பிள்ளைகளுக்குக் காட்டித் தந்தவர்களுக்கு

அன்புக்குரியவர்களே,

வவுனியா மாவட்டத்துப் பெரிய புளியங்குளத்தின் பெயர் கல்வெட்டுத் துறையில் இருப்பவர்களுக்கு நன்கு தெரியும். பேராசிரியர் செனரத் பரணவிதான 1970இல் வெளியிட்ட இலங்கைக் கல்வெட்டுத் தொகுதியின் முதற்பாகத்தில் அங்குள்ள மலைக்குகைகளில் வெட்டப்பட்ட பிராமி என்னும் பழங்கால எழுத்துகள் இடம்பெற்றுள்ளன. ஆனால் பக்கத்து ஊர்களில் வளர்கிற எங்கள் பிள்ளைகளுக்கு அது யானை நடமாடும் காடு, விறகுக்குப் போனாலும் ஒதுங்கிப் போகவேண்டிய இடம், அவ்வளவுதான். இடம்பெயர்ந்து திரும்பிய எங்களுக்குக் காணியைத் துப்புரவாக்கவும் வயலைப் பார்க்கவுமே பொழுது போதவில்லை. அந்தப் பிள்ளைகளை அழைத்துச் சென்று, பாறையில் இருப்பதை எழுத்துக்கூட்டி வாசிக்க வைத்த உங்கள் எல்லோருக்கும் பெற்றோர் சார்பில் இந்த மடல். பெயர் போடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டீர்கள், போடவில்லை.

விரிவுரையாளர் அம்மா, மலைக்குப் போகுமுன்பே நீங்கள் பாடசாலைக்கு வந்து மைப்படி, அதாவது கல்லெழுத்தைத் தாளில் மையால் பிரதி, எடுக்கப் பழக்கினீர்கள். தொல்லியல் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் கல்வெட்டில் எவரும் கைவைக்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, பாடசாலைக் கட்டடத்தின் அடிக்கல்லையே பயிற்சிக்கு எடுத்துக்கொண்டீர்கள். நனைத்த தாளைக் கல்லின்மேல் விரித்து, எழுத்தின் பள்ளத்துக்குள் தாள் இறங்கும்வரை தூரிகையால் அடித்தார்கள். ஈரம் வற்றி வந்த பதத்தில், மை தோய்த்த துணிப்பொதியால் மெதுவாக ஒற்றினார்கள். மேடெல்லாம் கறுத்து, எழுத்துகள் மட்டும் வெள்ளை வெளேரென்று எழுந்து நின்றன. தினமும் கடந்துபோகிற கல்லை அன்றுதான் முழுதாக வாசித்ததாக என் மகள் சொன்னாள்.

மலையிலும் அந்த ஒழுங்கு குலையவில்லை. குகை வாயிலுக்கு மேலே, மழைநீர் உள்ளே வழியாமலிருக்கப் பாறையில் வெட்டிய விளிம்பு. அதற்குக் கீழே எழுத்துகள். நேராகப் பார்த்தால் வெறும் கல்தான். ஒரு மாணவர் பக்கவாட்டில் டோர்ச் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடிக்க, பள்ளங்களில் நிழல் விழுந்து வரி முழுவதும் துலங்கியது. படத்துக்காக எழுத்தின்மேல் வெண்கட்டி பூசும் கெட்ட வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அது தேவையே இல்லை என்பதைப் பிள்ளைகள் கண்ணால் கண்டார்கள். கூட்டல் குறி போன்ற ‘க’வை முதலில் பிடித்தவன் தரம் 7 படிக்கும் சிறுவன். அங்கிருந்து இரு பக்கமும் தடவிக்கொண்டு போனதுபோல் எழுத்தெழுத்தாகச் சேர்த்தார்கள்: ‘தமேட வணிஜ கஹபதி விசாகஹ லெணே’. தமிழ் வணிகனான விசாகன் என்னும் இல்லறத்தானின் குகை.

அந்த இடத்தில் நீங்கள் பேசியதற்குத்தான் நான் அதிகம் நன்றி சொல்லவேண்டும். எழுத்து பிராமி, மொழி பழைய வட இந்திய மொழியான பிராகிருதம், குகை பௌத்த துறவிகளுக்கான கொடை, கொடுத்தவன் தமிழன். இதில் ஒன்றையும் மறைக்காதீர்கள், ஒன்றையும் கூட்டாதீர்கள் என்றீர்கள். அதே மலையில் நாக அரசனின் மகளும் உதிய அரசனின் மனைவியுமான அபி அனுராதியின் கொடைக் கல்வெட்டு இருப்பதையும் சொன்னீர்கள். வன்னியில் பாறை என்றாலே யாருடையது என்ற வழக்கு எழுகிற காலம் இது. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் இந்தக் காட்டில் அரச குடும்பத்தவரும் ஒரு தமிழ் வியாபாரியும் ஒரே பௌத்த துறவிகள் சங்கத்துக்குக் கொடுத்தார்கள் என்ற முழு உண்மையை எங்கள் பிள்ளைகள் உங்களிடமிருந்து கேட்டது எங்களுக்குக் கிடைத்த பேறு.

வழிகாட்டிய பெரியப்பாவுக்கு எப்படி நன்றி சொல்வது? யானையின் புதுத்தடம் கண்டதும் எல்லோரையும் நிறுத்தி, காற்றின் திசை பார்த்து வேறு வழியால் கூட்டிச்சென்றார். குளவிக்கூடு தொங்கிய குகைக்குள் ஒருவரையும் விடவில்லை. அவர் இல்லாவிட்டால் எந்தத் தாயும் பிள்ளையை அனுப்பியிருக்கமாட்டாள். உழவு இயந்திரப் பெட்டியில் வைக்கோல் பரப்பிப் பிள்ளைகளை ஏற்றிச்சென்று, டீசல் காசையும் வாங்க மறுத்த தம்பிக்கும், விடியுமுன் எழுந்து குரக்கன் பிட்டும் சம்பலும் கட்டித்தந்த மாதர் சங்கத்து அக்காமாருக்கும், விடுமுறை நாளில் பாடசாலையைத் திறந்துவிட்ட அதிபருக்கும் எங்கள் நன்றி.

பிள்ளைகள் எடுத்த மைப்படிகள் பாடசாலை நூலகத்தில் தொங்குகின்றன, வருகிறவர்கள் பார்க்கலாம். அம்மா, நீங்கள் தந்த பிராமி எழுத்து அட்டவணை கைமாறிக் கைமாறிக் கிழிந்துவிட்டது. இன்னும் சில பிரதிகள் அனுப்பிவைத்தால் பேருதவியாக இருக்கும். மாரி முடிந்து பாதை காய்ந்ததும் மீண்டும் வாருங்கள். சென்ற முறை வர முடியாத பிள்ளைகள் இப்போதே பெயர் கொடுத்துவிட்டார்கள்.

நன்றியுடன்,
பெற்றோர் சார்பில் ஒரு தாய்