ஃபுளோரஸில் இறங்கி டிக்கால் போக

அன்புள்ள முத்து,

கடிதம் வந்தது. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததையும், பிப்ரவரியில் ஹூஸ்டனிலிருந்து அவரையும் கூட்டிக்கொண்டு, குவாத்தமாலா காட்டுக்குள் இருக்கும் பழைய மாயா நகரமான டிக்கால் போகப் போவதையும் படித்ததில் மனசு நிறைந்தது. நீ கேட்டதற்கெல்லாம் பதில் எழுதுகிறேன். அதற்கு முன்னால் ஒன்று: விடியற்காலை விமானத்தில் போய் அன்று இரவே குவாத்தமாலா சிட்டிக்குத் திரும்பும் ஒருநாள் பேக்கேஜை மட்டும் வாங்கிவிடாதே.

கணக்குப் போட்டுப் பார். தலைநகரான குவாத்தமாலா சிட்டியிலிருந்து, டிக்காலுக்குப் போக இறங்கும் ஊரான ஃபுளோரஸுக்குப் பறக்க ஒரு மணி நேரத்துக்குள்தான் ஆகும். பஸ்ஸில் போனால் ஏறக்குறைய 500 கிலோமீட்டர், எட்டிலிருந்து பத்து மணி நேரம். விமானம் ஒரு முழுப் பகலை மிச்சப்படுத்தித் தருகிறது. ஆனால் இறங்கிய பிறகு டிக்காலுக்கு இன்னும் 65 கிலோமீட்டர் போக வேண்டும். டிக்கால் தேசியப் பூங்காவின் நுழைவாயிலிலிருந்து கோயில்கள் இருக்கும் இடத்துக்கே 17 கிலோமீட்டர் காட்டுச் சாலை. ரோட்டைக் கடக்கும் விலங்குகளுக்காக அங்கே வேகக் கட்டுப்பாடு உண்டு. டிரைவரை அவசரப்படுத்த முடியாது. எல்லாம் சேர்ந்து ஒன்றரை மணி நேரம் வை. ஒருநாள் கூட்டம் உள்ளே நடக்க ஆரம்பிக்கும்போது வெயில் ஏறிவிடும். சாயங்கால விமானத்தைப் பிடிக்க மூன்று மணிக்கெல்லாம் வேனில் ஏற்றிவிடுவார்கள்.

அந்த மூன்று மணிதான் எனக்கு ஆற்றாமை. பெரிய சதுக்கத்தில் முதலாம் கோயில் மேற்கு பார்த்து நிற்கிறது, இரண்டாம் கோயில் அதற்கு நேரெதிரே கிழக்கு பார்த்து. காலை வெயில் இரண்டாம் கோயிலின் முகத்தில் விழும். முதலாம் கோயில் நிழலாகத்தான் தெரியும். 47 மீட்டர் உயரமுள்ள அந்தப் படிக்கட்டு முகத்தில் வெளிச்சம் சாய்ந்து விழுவது பிற்பகலில்தான். நான்காம் கோயிலிலும் இதே கதை. 65 மீட்டர் உயரம், கிழக்கு பார்த்தது. காலையில் மேலே நின்றால் சூரியன் கண்ணுக்கு நேரே. பல நாள் பனிமூட்டத்தில் ஒன்றும் தெரியாமலே போகும். சாயங்காலம் சூரியன் முதுகுக்குப் பின்னால் போய்விடும். காட்டுக்கு மேலே தலை நீட்டும் கோயில் முகடுகள் துலக்கமாகத் தெரியும். ஒருநாள் பயணிகள் அந்த நேரத்தில் ஏர்போர்ட் வரிசையில் நிற்பார்கள்.

அதனால் இரண்டு இரவு ஒதுக்கு. முதல் நாள் காலை விமானத்தில் இறங்கி நேரே பூங்காவுக்குள் இருக்கும் விடுதிக்குப் போ. அங்கே இருப்பதே மூன்று நான்கு விடுதிகள்தான். பிப்ரவரி மழையில்லாத சீசன் என்பதால் முன்பே பதிந்துகொள். சில இடங்களில் கரண்ட் குறிப்பிட்ட நேரத்துக்குத்தான் இருக்கும். கேமரா பேட்டரியை வந்தவுடன் சார்ஜ் போடு. மதியம் படுத்து எழுந்து, வெயில் தாழ நான்காம் கோயில். மறுநாள் காலை ஆறு மணிக்குக் கதவு திறந்ததும் சதுக்கம். ஊளைக் குரங்குகளின் சத்தம் அந்த நேரத்தில் காட்டையே உலுக்கும். பத்து மணிக்குள் பார்த்து முடித்து, வேன் பிடித்து ஃபுளோரஸில் இரவு தங்கிவிட்டு அடுத்த நாள் பற.

இனி டிக்கெட் விஷயம். வெறுமனே 'ஃபுளோரஸ்' என்று தேடினால் இந்தோனேசியாவிலும் அசோர்ஸிலும் இருக்கும் அதே பெயர்த் தீவுகள் வந்து நிற்கும். எஃப்ஆர்எஸ் என்ற குறியீட்டைப் பார்த்துப் பதிவு செய். விமான நிலையத்தின் பெயர் முந்தோ மாயா. இருப்பது சாந்தா எலெனா ஊரில். ஹூஸ்டன் விமானத்தையும் இதையும் தனித்தனியாக வாங்கினால், முன்னது தாமதமானால் பின்னதற்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். போகும்போதும் வரும்போதும் தலைநகரில் ஓர் இரவு இடைவெளி விடு. இன்னொன்று: உள்நாட்டு விமானம் தலைநகர் விமான நிலையமான லா அவ்ரோராவின் பெரிய டெர்மினலிலிருந்து கிளம்புகிறதா, ஓடுபாதைக்கு மறுபுறம் இருக்கும் ஹேங்கரிலிருந்தா என்று கம்பெனியிடம் கேட்டு வை. ஒரே ஏர்போர்ட் என்று நம்பித் தவறான பக்கம் போனால், டாக்ஸி பிடித்துச் சுற்றி வர வேண்டும்.

சிறிய விமானங்களில் சாமான் எடைக்குக் கெடுபிடி அதிகம். அளவு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பெரிய பெட்டியைத் தலைநகர் ஓட்டலில் வைத்துவிட்டு ஆளுக்கு ஒரு முதுகுப் பையோடு போவதே சுகம். அப்பாவின் மருந்து, பாஸ்போர்ட் இரண்டும் கைப்பையில் இருக்கட்டும். அவரிடம் இந்தியப் பாஸ்போர்ட்தானே? குவாத்தமாலா விசா விதியைத் தூதரகத்திலேயே கேள். அமெரிக்காவுக்குத் திரும்ப நுழைய அவர் விசா இடம் தருகிறதா என்றும் பார்.

ஃபுளோரஸ் ஏர்போர்ட்டில் இறங்கினால் வாசலிலேயே வேன்காரர்கள் இருப்பார்கள். ஊருக்குள் போவதானால் ஆட்டோ உண்டு. பஜாஜ் வண்டியைப் பார்த்து அப்பா சந்தோஷப்படுவார். பணத்தைச் சாந்தா எலெனாவிலேயே எடுத்துக்கொள், காட்டுக்குள் ஏடிஎம்மை நம்பாதே. நுழைவுச் சீட்டு வெளிநாட்டவருக்கு 150 கெட்சால் (குவாத்தமாலா நாணயம்). கிளம்பும் முன் விலையைச் சரிபார். ஆன்லைனிலோ பான்ரூரல் வங்கியிலோ வாங்கலாம், பாஸ்போர்ட் வேண்டும். சீட்டு ஒரு நாளைக்குத்தான், உனக்கு இரண்டு நாளுக்கு வேண்டும். சூரியோதயத்துக்கென்று ஆறு மணிக்கு முன் நுழைய 100 கூடுதல், வழிகாட்டியும் கட்டாயம். பனிமூட்டத்தைச் சொன்னேனே, அந்தப் பணத்தை மிச்சம் பிடி.

அப்பாவின் முட்டிக்கு: விடுதிகளுக்குப் பக்கத்து வாசலிலிருந்து சதுக்கம் வரை மெதுவாக நடந்தால் அரை மணி நேரம், பெரும்பாலும் மரநிழல். முதலாம் கோயிலில் யாரும் ஏற அனுமதியில்லை. நான்காவதில் மரப்படிகள் கட்டியிருக்கிறார்கள், கைப்பிடி உண்டு. அவருக்கு முடியாவிட்டால் கீழே உட்காரட்டும். பழைய கற்படிகள் சுண்ணாம்புக்கல். பாசி பிடித்து ஈரமானால் காலை வாரிவிடும். தோல் செருப்பு வேண்டாம், ரப்பர் அடி ஷூ. கொசு மருந்தும் ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீரும்.

வழியில் சப்போட்டா மரங்களைக் காட்டு. நம் சப்போட்டாவேதான், அதன் பூர்வீகம் அந்தப் பக்கம். அடிமரத்தில் கோணல்மாணலாக, ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிப்போகும் வெட்டுத் தழும்புகள் இருக்கும். சூயிங்கம்முக்குப் பால் இறக்கியவர்கள் கத்தியால் கீறியவை. கோயில்களின் வாசல் உத்திரங்களும் இதே மரம். ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு மேல் தாங்கியிருக்கிறது. நான்காம் கோயிலின் செதுக்கிய உத்திரங்கள் இப்போது சுவிட்சர்லாந்தில், பாஸல் அருங்காட்சியகத்தில் இருப்பது எனக்கு வருத்தம்தான்.

டிக்காலுக்குப் பக்கத்திலேயே முன்பு ஓர் ஓடுபாதை இருந்தது, 1951-இல் போட்டது. அதற்கு முன் கோவேறு கழுதையிலோ நடந்தோ பல நாள் காட்டுப் பயணம். பென்சில்வேனியா பல்கலைக்கழகம் 1956-இல் தொடங்கிய பெரிய அகழாய்வு அந்த ஓடுபாதை இல்லாமல் நடந்திருக்காது. இப்போது அது பயன்பாட்டில் இல்லை, 65 கிலோமீட்டர் தள்ளித்தான் இறங்குகிறோம். காட்டுக்கு அது நல்லது.

தேதி முடிவானதும் விமான நேரங்களை எழுது. எந்த வேன் பொருந்தும் என்று பார்த்துச் சொல்கிறேன். அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

அன்புடன்,
செல்வம்