மாமல்லபுரத்தில் வீடு பார்க்கும் அக்காவுக்கு

அன்புள்ள அக்கா,

ரிட்டயர்மென்ட் பணம் வந்ததும் கோவை வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு இங்கேயே வந்துவிடலாமா என்று கேட்டிருந்தாய். "கடல், கோயில், அமைதி. வேறென்னடா வேணும்?" என்றாய். முதல் இரண்டும் தாராளமாக உண்டு. மூன்றாவதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

இது கல் செதுக்குகிற ஊர். காலையிலேயே பட்டறைகளில் கட்டர் ஓடத் தொடங்கிவிடும். ஐந்து ரதத்துக்குப் போகிற சாலையில் வீடு பிடித்தால் சத்தத்தோடு கல் தூசியும் வரும். உனக்கு வீசிங் வேறு. ஆனால் அந்தச் சத்தம் இல்லாவிட்டால் இந்த ஊருக்கு வந்து குடியிருப்பதில் அர்த்தமே இல்லை என்பேன். மெஷினெல்லாம் முரட்டு வேலைக்குத்தான். முகத்துக்கு வந்துவிட்டால் கை உளிதான். காவியில் கோடு போட்டு, முகத்தின் நீளத்தை ஒரு தாளமாக வைத்துக்கொண்டு, சிவனுக்கும் பெருமாளுக்கும் பத்துத் தாளம் என்று அளந்து இறங்குவார்கள். கல்லைத் தட்டி, ஓசையை வைத்தே ஆண் கல்லா பெண் கல்லா என்று பிரிப்பார்கள். கண் திறப்பது கடைசியில். கன்னியாகுமரி வள்ளுவர் சிலையை உருவாக்கிய கணபதி ஸ்தபதி இங்குள்ள அரசு சிற்பக் கல்லூரியில் முதல்வராக இருந்தவர். 2017-ல் இந்த ஊர்க் கற்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதனால் கூலி ஏறியது என்று எனக்குத் தெரிந்த பட்டறைக்காரர் ஒருவரும் சொல்லவில்லை.

கோயில்களைச் சனி, ஞாயிறில் பார்க்காதே. செவ்வாய்க்கிழமை வெயில் தாழப் போ. அர்ஜுனன் தபசில் யானைகளோடு போட்டோ எடுத்துக்கொண்டு எல்லாரும் கிளம்பிவிடுவார்கள். நீ அந்தப் பெரிய யானைக்கு முன்னால் குனிந்து பார். பின்னங்காலில் நின்று, முன்னங்கால்களைத் தலைக்கு மேலே தூக்கி ஒரு பூனை தவம் செய்கிறது. சுற்றிலும் எலிகள்! பல்லவர் காலத்துக் குசும்பு. அதைவிட எனக்குப் பிடித்தவை பாதியில் நின்றுபோன வேலைகள். பாறையைப் பிளக்க ஆப்பு வைக்கும் குழிகளை வரிசையாக வெட்டிவிட்டு அப்படியே போயிருக்கிறார்கள். யார், ஏன் நிறுத்தினார்கள் என்று யோசித்தபடி உட்கார்ந்திருக்கலாம்.

கடலுக்கு வருகிறேன். தை, மாசியில் பங்குனி ஆமை என்கிற கடலாமைகள் முட்டையிடக் கரையேறும். ராத்திரி டார்ச் அடித்துக்கொண்டு போய் நிற்காதே, வெளிச்சம் பட்டால் திரும்பிப் போய்விடும். டிராலர் வலையில் மாட்டி மூச்சு முட்டிச் செத்து ஒதுங்குபவையும் உண்டு. அதைப் பார்க்கிற நாளில் சோறு இறங்காது, சொல்லிவிட்டேன்.

மீனுக்குக் கவலையில்லை. ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை என்றாலும் இங்கே பைபர் படகுகள் போய்வரும், விலைதான் எகிறும். நெத்திலி கிடைத்தால் விடாதே.

வீடு என்று பார்த்தால் கடலைப் பார்த்த பால்கனி வேண்டவே வேண்டாம். உப்புக் காற்றில் கிரில், பூட்டு, மிக்ஸி மோட்டார் எல்லாம் துருப்பிடிக்கும். கரையே பல இடங்களில் அரிக்கிறது. ஈசிஆருக்கு மேற்கே, பட்டறைகள் இல்லாத தெருவாகப் பார்க்கலாம்.

டிசம்பர் கடைசியில் நாட்டிய விழா தொடங்கும். அப்போது வந்தால் யாருக்கும் இங்கேயே இருந்துவிடத் தோன்றும். அதனால் ஐப்பசி மழையில் வந்து ஒரு மாதம் வாடகைக்கு இருந்து பார். மாமாவையும் கூட்டி வா. அதுவரை எந்த புரோக்கருக்கும் அட்வான்ஸ் கொடுத்துவிடாதே.

அன்புடன்,
தம்பி