நம்ம புல்வெளிக்கு உரம் போடப் போகிறார்களாம்

அன்புள்ள மாலதி,

இங்கே எல்லாரும் நலம். நீயும் நலம் என்று ரமணி சொன்னாள், முட்டி வலியைப் பற்றியும் சொன்னாள். முதலில் அதைப் போய்க் காட்டு. இத்தனை நாள் ஏன் எழுதவில்லை என்று திட்ட ஆரம்பிக்காதே, நீயும் ஒன்றும் எழுதிக் கிழித்துவிடவில்லை. சரி, கணக்கு நேராகிவிட்டது. விஷயத்துக்கு வருகிறேன்.

நம்ம புல்வெளிக்கு யூரியா போடப் போகிறார்கள்.

எந்தப் புல்வெளி என்று கேட்டாயானால் உன்னோடு பேச்சே கிடையாது. கல்லூரிக்குப் பின்னால், செடிகளை எண்ணத் தரையில் போடும் சதுரச் சட்டத்தை, அந்தக் குவாட்ரட்டைத் தூக்கிக்கொண்டு அலைந்தோமே, அந்த மேடுதான். "சட்டம் விழுந்த இடம்தான் இடம், நகர்த்தாதே" என்று கணபதி சார் கத்துவார், நீ அவர் திரும்புவதற்குள் காலால் தள்ளிவிடுவாய். புள்ளியியல் அன்றைக்கே உன்னால் கெட்டது.

இப்போது வளாகத்தை அழகுபடுத்த ஒரு குழு போட்டிருக்கிறார்கள். தாவரவியல் ஆள் ஒருத்தி இருக்கட்டும் என்று என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். போன கூட்டத்தில் ஒருவர் அந்த மேட்டின் படத்தைத் திரையில் போட்டு, "சோகை பிடித்த மாதிரி இருக்கிறது, ஏக்கருக்கு ஐம்பது கிலோ யூரியா போட்டால் ஒரே மழையில் பச்சைப்பசேல் என்று வந்துவிடும்" என்றார். நான் வேண்டாம் என்றதும் மிகவும் மரியாதையாகக் கேட்டார்: "புல் நன்றாக வளர்ந்தால் புல்வெளிக்கு நல்லதுதானே மேடம்?"

நியாயமான கேள்விதான், அதனால்தான் எரிச்சலாக வருகிறது. பதில் சொல்ல ஆரம்பித்தேன், கடிகாரத்தைப் பார்த்தார்கள். முடிவை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்திருக்கிறார்கள். அங்கே சொல்ல முடியாததை எல்லாம் இங்கே உன் தலையில் கொட்டப் போகிறேன். உட்கார்ந்து படி.

கூட்டம் முடிந்த கையோடு மேட்டுக்குத்தான் போனேன். விடுதிக் கழிவுநீர் கசிகிற ஓரம் ஒன்று இருக்கிறது, நம் காலத்தில் அது இவ்வளவு அகலம் இல்லை. அங்கே புல் இடுப்பளவு, கரும்பச்சை, பார்க்க அவ்வளவு செழிப்பு. குழுவினர் கனவு காணும் புல்வெளி அதுதான். உட்கார்ந்து இரண்டு கையாலும் விலக்கிப் பார்த்தேன். மேலே ஒரே ஒரு புல் இனம். கீழே போன வருடத்துச் சருகு ஈரத்தோடு பாய் மாதிரி படிந்து கிடக்கிறது, மண்ணே தெரியவில்லை. அந்த இருட்டில் விஷ்ணுகிரந்தி ஒன்று இருந்தது. தண்டு வெளிறி, நூலாக நீண்டு, இலைகளுக்கு நடுவே ஏகப்பட்ட இடைவெளி விட்டு வெளிச்சத்தைத் தேடிக்கொண்டிருந்தது. பூ இல்லை. பத்தடி தள்ளி, அந்தச் சோகை பிடித்த தரையில், அதே செடி மண்ணோடு மண்ணாகப் படர்ந்து நீலப் பூவாகப் பூத்துக் கிடக்கிறது.

கேள்விக்கான பதில் அந்தப் பத்தடிக்குள் இருக்கிறது. மண்ணில் நைட்ரஜன் குறைவாக இருக்கும்வரை எந்தச் செடியாலும் ஓர் அளவுக்கு மேல் உயர முடியாது. ஒன்று ஆழமாக வேர் விடும், ஒன்று மழை வந்த மறுநாளே முளைத்து அவசரமாக முடித்துக்கொள்ளும், ஒன்று காற்றிலிருந்தே நைட்ரஜனைப் பிடித்துக்கொள்ளும். வறுமைதான் எல்லாரையும் ஒரே மட்டத்தில் வைத்திருக்கிறது. உரம் விழுந்ததும், வேகமாக உயரத் தெரிந்த இரண்டு மூன்று புல் மேலே போய் வெயிலை மொத்தமாக மறித்துவிடும். அதுவரை வேர்களுக்கிடையே நடந்த போட்டி வெளிச்சத்துக்கான போட்டியாக மாறிவிடும், அதில் குட்டையானவர்களுக்கு வாய்ப்பே கிடையாது.

இதை எவ்வளவு அழகாக நிரூபித்தார்கள் தெரியுமா? சூரிச்சில் யான் ஓத்தியே என்பவரும் அவர் கூட்டாளிகளும் புல்வெளிச் செடிகளை வளர்த்து உரம் போட்டார்கள். எதிர்பார்த்தபடி இனங்கள் குறைந்தன. இன்னொரு தொகுதிக்கும் அதே உரம் போட்டு, உயர்ந்த புல்லுக்குக் கீழே, குட்டைச் செடிகளின் மட்டத்தில், குழல் விளக்கு வைத்தார்கள். அங்கே இழப்பு நின்றுவிட்டது. 2009இல் வெளியானது. புல்லுக்கு அடியில் லைட் போட்டுப் பார்க்கத் தோன்றியதே, அந்த மூளைக்கு ஒரு கும்பிடு. நமக்கெல்லாம் சட்டத்தைத் தள்ளத்தான் தோன்றியது.

பார்க் கிராஸ் என்ற புல்வெளிச் சோதனை ஞாபகம் இருக்கிறதா? கணபதி சார் வருடா வருடம் பரீட்சையில் கேட்பார், நீ வருடா வருடம் விட்டுவிடுவாய். இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் ஆராய்ச்சிப் பண்ணையில் 1856இல் ஆரம்பித்தது, இன்றும் நடக்கிறது. ஆரம்பித்த இருவரில் ஒருவரான ஜான் லாஸ் யார் என்று நினைக்கிறாய்? சூப்பர் பாஸ்பேட்டுக்குக் காப்புரிமை வாங்கி உரத் தொழிற்சாலை நடத்தியவர்! தீவனத்துக்கு அறுக்கும் புல் எவ்வளவு கூடும் என்று பார்க்கத்தான் அவரும் கில்பர்ட்டும் நிலத்தைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து வெவ்வேறு உரம் போட்டார்கள். சில ஆண்டுகளிலேயே, வெவ்வேறு விதையை விதைத்தது போல ஒவ்வொரு பாத்தியும் வேறு நிலமாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது. உரமே காணாத பாத்திகளில் இன்றைக்கும் முப்பதுக்கு மேல் இனங்கள். அம்மோனியம் சல்பேட்டை அள்ளிப் போட்டு, சுண்ணாம்பு சேர்க்காத பாத்திகளில் மண்ணின் அமிலத்தன்மை ஏறி பிஎச் (இந்த எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) 4க்கும் கீழே இறங்கிவிட்டது. அங்கே மிஞ்சியவை இரண்டு மூன்று இனங்கள். நிழல் ஒரு பக்கம், புளித்த மண் இன்னொரு பக்கம்.

"அது அதிக அளவு, நாம் கொஞ்சம்தானே போடுகிறோம்" என்பார்கள். அதற்கும் கணக்கு வைத்திருக்கிறேன். அமெரிக்காவில் மினசோட்டாவில் சீடர் கிரீக் என்ற இடத்தில் டேவிட் டில்மன் 1982இலிருந்து நைட்ரஜன் போட்டுப் பார்த்தார். ஹெக்டேருக்கு ஆண்டுக்கு வெறும் 10 கிலோ போட்ட பாத்திகளிலேயே இனங்கள் 17 விழுக்காடு குறைந்துவிட்டன. 10 கிலோ என்பதை நம்ம சட்டத்துக்குள் போட்டுப் பார். ஒரு சதுர மீட்டருக்கு ஒரு கிராம் நைட்ரஜன். யூரியாவில் 46 விழுக்காடுதான் நைட்ரஜன், அப்படியென்றால் இரண்டு கிராமுக்குச் சற்று மேல். ஏறக்குறைய அரைத் தேக்கரண்டி, அதுவும் ஒரு வருடம் முழுவதற்கும் சேர்த்து! இவர்கள் சொல்லும் ஏக்கருக்கு ஐம்பது கிலோ அதைப் போல ஐந்து மடங்குக்கும் மேல்.

அப்புறம் அந்த "நன்றாக வளரும்" என்பதைப் பற்றி. வளரும்தான், முதல் சில வருடங்கள் நன்றாகவே வளரும். சீடர் கிரீக்கிலும் அப்படித்தான் வளர்ந்தது. வருடங்கள் போகப் போக, இனங்கள் குறையக் குறைய, உரத்தால் கிடைத்த கூடுதல் விளைச்சலும் தேய்ந்துகொண்டே வந்தது. நடுவே 1987-88இல் கடும் வறட்சி. பல இனங்கள் கலந்திருந்த பாத்திகள் ஓரளவு தாக்குப்பிடித்தன, சீக்கிரம் தேறின. இனம் குறைந்த பாத்திகள் படுத்துவிட்டன. எல்லா இனத்துக்கும் ஒரே வருடம் கெட்ட வருடமாக அமையாது, ஒன்று சுணங்கினால் இன்னொன்று எழும். ஒரே புல்லை நம்பினால் அது விழும்போது மொத்தமும் விழும். குழுவில் இதை மட்டும் சொன்னால் எடுபடும் என்று நினைக்கிறேன். பூவுக்கும் பட்டாம்பூச்சிக்கும் இரங்காதவர்கள்கூட, வறட்சியில் மேடு மொட்டையாகிவிடும் என்றால் யோசிப்பார்கள்.

அவரை குடும்பத்துக் குட்டிச் செடிகளைத்தான் நினைத்தால் பாவமாக இருக்கிறது. வேர் முடிச்சை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்குமே, நீ ரமணியைப் பயமுறுத்துவாயே, அந்தச் செடிகள். தன் சர்க்கரையைச் செலவழித்து பாக்டீரியாவுக்குப் படியளந்து நைட்ரஜன் வாங்குகிற செடி அது. பக்கத்துப் புல்லுக்கு அதே நைட்ரஜன் மூட்டையில் இலவசமாக வந்தால் அதன் உழைப்புக்கு என்ன மரியாதை? பெரும்பாலும் முதலில் காணாமல் போகிறவர்கள் அவர்கள்தான்.

இதுவரை எழுதியது கோபத்தில். இனி வருவது வேறு. ராத்திரி படுத்தால் நினைவுக்கு வருகிறது, அதனால் உனக்கும் சொல்லிவிடுகிறேன். குழுவை நான் ஜெயித்தாலும் வானத்தை என்ன செய்வது? வண்டிப் புகையிலிருந்தும், மாட்டுப் பண்ணைச் சாணத்திலிருந்தும், வயலில் போட்ட உரத்திலிருந்தும் கிளம்பும் நைட்ரஜன் காற்றிலும் மழையிலும் ஊர் ஊராகப் போய் இறங்குகிறது. பிரிட்டனில் கார்லி ஸ்டீவன்ஸ் குழுவினர் அமில மண்ணில் உள்ள 68 புல்வெளிகளைப் பார்த்து 2004இல் எழுதினார்கள். யாரும் உரமே போடாத இடங்கள். ஹெக்டேருக்கு ஆண்டுக்கு இரண்டரை கிலோ கூடுதலாக வானத்திலிருந்து விழுந்தால், நாலு சதுர மீட்டரில் ஓர் இனம் குறைவு. கலிபோர்னியாவில் சான் ஹோசே பக்கம் பாம்புக்கல் (செர்பன்டைன்) என்ற பாறையிலிருந்து உண்டான சத்துக் குறைந்த மண்ணில் ஒரு பட்டாம்பூச்சி வாழ்கிறது. அங்கே சில இடங்களில் மாடு மேய்வதை நிறுத்தினார்கள். கார்ப் புகையின் நைட்ரஜனைத் தின்று அயல்நாட்டுப் புல் ஏறி, புழு சாப்பிடும் குட்டைச் செடியை மூடிவிட்டது, பட்டாம்பூச்சி சரிந்தது. மாடு தின்றுகொண்டிருந்தவரை அந்தப் புல் தலை தூக்கவில்லை. இதை ஸ்டூவர்ட் வைஸ் 1999இல் எழுதியிருக்கிறார். மாடும் இல்லாமல், வெட்டிய புல்லை அள்ளுவாரும் இல்லாமல் கிடக்கும் நம்ம மேட்டுக்கு என்ன ஆகும் என்று நீயே யோசி.

போட்டுவிட்டுப் பிறகு நிறுத்திக்கொள்ளலாமே என்றும் ஒருவர் கேட்டார். சீடர் கிரீக்கில் உரத்தை நிறுத்தி இருபது ஆண்டுகள் கழித்தும் இனங்கள் திரும்பாத பாத்திகள் உண்டு. பார்க் கிராஸில் ஓரளவு திரும்பியிருக்கின்றன, ஆனால் அங்கே வருடா வருடம் புல்லை அறுத்து வெளியே எடுத்துப் போகிறார்கள், அதோடு நைட்ரஜனும் போகிறது. நம் தோட்டக்காரர் வெட்டியதை அங்கேயே பரப்பிவிட்டுப் போகிறார். அவரிடம் பேசினேன். "சொன்னால் அள்ளிட்டுப் போறேம்மா" என்றார். குழுவைவிட அவரிடம் வேலை சுலபமாக முடிந்தது.

இப்போது உன் வேலை. நாம் எண்ணிய இனப் பட்டியல் எழுதிய நீல நோட்டு உன்னிடம்தான் இருக்கிறது, இல்லை என்று சொல்லாதே, ரமணி காட்டிக்கொடுத்துவிட்டாள். ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பு. கழிவுநீர் ஓரத்தில் அன்றைக்கு என்னவெல்லாம் இருந்தன என்று கூட்டத்தில் வாசிக்க வேண்டும். உன் கையெழுத்துக்குப் பக்கத்திலேயே செடியின் பெயரைத் தெளிவாக ஒருமுறை எழுதிவிடு, அந்த எழுத்தைக் குழுவின் முன்னால் என்னால் படிக்க முடியாது. நீ தள்ளிவிட்ட சட்டங்கள் எவை என்று ஞாபகம் இருந்தால் அதையும் குறித்து அனுப்பு, அவற்றை விட்டுவிடுகிறேன்.

அன்புடன்,
வசந்தி