கூகுள் வரைபடத்தில் வாவிக்குள் கிடக்கும் எங்கள் விடுதி: பணத்தைத் திருப்பிக் கேட்டு

வாடிக்கையாளர் சேவை முகாமையாளர் அவர்களுக்கு,
பிரதி: விற்பனைப் பிரிவுப் பொறுப்பாளர்

விடயம்: கோல்ட் பக்கேஜ், வரைபடப் புள்ளி, கணக்கு ஒப்படைக்காமை, மாநாட்டில் நடந்தது

வணக்கம்.

மட்டக்களப்பு கல்லடியில் நான்கு அறைகளோடு ஒரு சிறு விடுதி நடத்துகிறேன். வாடிக்கையாளர் இலக்கத்தைத் தட்டினால் என் கதை முழுக்க உங்கள் கணினியில் வரும். அப்படியிருந்தும் ஒவ்வொரு முறையும் முதலில் இருந்து சொல்லச் சொல்கிறீர்கள். இந்த முறை சொல்லப் போவதில்லை. கூகுள் வரைபடம், கூகுள் விளம்பரம், வெப்சைட் எல்லாம் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி நீங்கள் விற்ற கோல்ட் பக்கேஜில் என்னென்ன அடங்கும் என்று உங்களுக்கே தெரியாதா? 185,000 ரூபா முழுவதும் முன்பணமாகக் கட்டினேன். பற்றுச்சீட்டை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

முதலில் வரைபடத்தில் இடத்தைக் காட்டும் புள்ளி. நீங்கள் கை வைப்பதற்கு முன் கூகுள் வரைபடத்தில் எங்கள் விடுதி எங்கள் ஒழுங்கையில்தான் இருந்தது. உங்கள் ஆட்கள் "ஒப்டிமைஸ்" பண்ணிய பிறகு அது கல்லடிப் பாலத்துக்குப் பக்கத்தில் தண்ணீருக்குள் போய்விட்டது. சென்ற மாதம் ஒரு ஜெர்மன் தம்பதியை ஓட்டோக்காரர் பாலத்தில் இறக்கி, "இங்கதான் காட்டுது" என்றாராம். இருவரும் பெட்டியை நிலத்தில் வைத்துவிட்டு, பாலத்துக் கைபிடியைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்திருக்கிறார்கள். அப்புறம் எனக்குக் கோல் எடுத்தார்கள். நான் போய்க் கூட்டி வந்தேன். கோல் எடுக்காமல் வேறு இடம் பார்த்துப் போனவர்கள் எத்தனை பேரோ. எங்கள் வாவியில் மீன் பாடும் என்று உலகத்துக்கே தெரியும், அறை வாடகைக்குக் கொடுக்கும் என்று உங்களால்தான் தெரிய வந்தது.

இதைத் திருத்த நானே போகலாம் என்றால் கணக்கு என் கையில் இல்லை. வரைபடத்திலும் தேடலிலும் விடுதியின் விபரங்களைக் காட்டும் கூகுள் பிசினஸ் புரொபைலின் முதன்மை உரிமையாளராக உங்கள் கம்பனியின் மின்னஞ்சல்தான் இருக்கிறது. என் விடுதிக்கு, என் பெயர்ப்பலகைக்கு, நான் வெறும் "மனேஜர்". உரிமையை மாற்றித் தாருங்கள் என்று கேட்டால் வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னீர்கள். மழைக்குள் குடையைப் பிடித்துக்கொண்டு ஒழுங்கை முனையில் இருந்து பெயர்ப்பலகை வரை நடந்து எடுத்து அனுப்பினேன். தெளிவில்லை என்றீர்கள். திரும்ப எடுத்தேன். அந்த வீடியோ உங்களுக்கு வந்ததா இல்லையா என்று இன்று வரை ஒருவரும் வாய் திறக்கவில்லை.

மழை என்றதும் ஞாபகம் வருகிறது. விளம்பரக் காசை எப்போது செலவழித்தீர்கள்? டிசம்பரிலும் ஜனவரியிலும். "பீக் சீசன்" என்று ரிப்போர்ட்டில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். ஐயா, அது காலி, ஹிக்கடுவை பக்கத்துச் சீசன். கிழக்கில் அந்த மாதங்கள் வாடைக்காற்றும் மாரியும். கல்லடிக் கடலில் கால் நனைக்கவே ஆள் வராது. எங்களுக்கு ஏப்ரல் பிறந்துதான் ஆட்கள் வரத் தொடங்குவார்கள், செப்டெம்பர் வரை ஓடும். பாசிக்குடாவில் யாரிடம் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். ஏப்ரல் வந்தபோது என் பட்ஜெட்டில் ஒரு சதம் மிச்சமில்லை என்று உங்கள் ஆள் சொல்கிறார்.

அந்தக் காசுக்கு வந்த கோல்களாவது உருப்படியா? "ரூம் கிளீன் பண்ற வேலை இருக்கா அக்கா?", "சமையலுக்கு ஆள் எடுக்கிறீங்களா?" என்று பொடியன்மார் எடுத்தார்கள். பாவம், அவர்களில் பிழை இல்லை. ஹோட்டல் வேலை தேடியவர்களுக்கெல்லாம் என் விளம்பரத்தைக் காட்டியிருக்கிறீர்கள். "வேலை" என்ற சொல்லை நெகட்டிவ் கீவேர்டாக, அதாவது அந்தச் சொல்லோடு தேடுபவர்களுக்கு விளம்பரத்தைக் காட்டாதே என்று, போட்டிருந்தால் முடிந்த காரியம். இதை வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் அக்காவின் மகன் ரிப்போர்ட்டைப் பார்த்த உடனேயே சொன்னான். அதே ரிப்போர்ட்டில் "மெட்டா கீவேர்ட் சேர்க்கப்பட்டது" என்று, வெப்சைட்டின் நிரலுக்குள் தேடற்சொற்களை எழுதி வைத்ததை ஒரு வேலையாகக் காட்டியிருக்கிறீர்கள். தரவரிசைக்கு அதைப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009இலேயே அறிவித்துவிட்டது என்றும் அவன்தான் சொன்னான். உங்கள் விற்பனையாளர் என் வரவேற்பறைக் கதிரையில் இருந்து, என் கையால் தேத்தண்ணி வாங்கிக் குடித்துக்கொண்டு, கூகுள் தேடலில் "முதலாம் இடம் கேரண்டி" என்றார். முதலாம் இடத்துக்கு ஒருவராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் உதவிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறது.

சரி, இதெல்லாம் வேலைப் பிழை. வேலைப் பிழைக்கு நான் இவ்வளவு நீளக் கடிதம் எழுதியிருக்க மாட்டேன்.

உங்கள் சேவை இலக்கத்துக்கு எடுத்துத் தமிழுக்கு மூன்றை அழுத்தினால் சிங்களத்தில் பேசுகிறார்கள். ஒரு நாள் தமிழ்ப் பொடியன் ஒருவர் கிடைத்தார். எனக்குப் பெரிய சந்தோஷம். புள்ளியைப் பற்றியும் புக்கிங் இல்லாததைப் பற்றியும் சொல்லிக்கொண்டு வரும்போது இடையில் மறித்து, "மட்டக்களப்புக்கெல்லாம் யாரு அக்கா வாறது? எல்லாரும் அறுகம்பைக்குத்தானே போவாங்க" என்றார். சிரிப்பு வேறு. தம்பி, அறுகம்பை அம்பாறை மாவட்டம், பொத்துவில்லுக்குப் பக்கத்தில், எங்களில் இருந்து 100 கிலோமீற்றருக்கு மேல் தெற்கே. திருகோணமலை, பாசிக்குடா பார்த்துவிட்டு அங்கே அலைச்சறுக்குக்கு இறங்கிப் போகிறவர்கள்தான் வழியில் இரண்டு இரவு எங்களிடம் தங்குவார்கள். அந்த ஆட்களைப் பிடித்துத் தரத்தான் உங்களுக்குக் காசு தந்தேன். ஒருவரும் வரமாட்டார்கள் என்று தெரிந்திருந்தால் காசை வாங்கும்போது சொல்லியிருக்கலாமே? காசு கட்டின அன்று "கிழக்குக்கு நல்ல எதிர்காலம் அக்கா" என்றீர்கள். அவரின் பெயரைக் கேட்டேன், லைனை வெட்டிவிட்டார். உங்கள் அழைப்புகள் பதிவாவதாக ஒவ்வொரு முறையும் ஒரு குரல் சொல்கிறதே, எடுத்துக் கேளுங்கள்.

மேலதிகாரியைக் கேட்டால், "எல்லாரும் தேடல் விளம்பர மாநாட்டு வேலையில் இருக்கிறார்கள், நாங்கள்தான் பிரதான அனுசரணை, அங்கே வந்தால் நேரில் பேசலாம்" என்றார்கள். நம்பிப் போனேன். இரவு பஸ், 300 கிலோமீற்றருக்கு மேல், விடியக் கொழும்புப் புறக்கோட்டையில் இறங்கி, பொதுக் கழிப்பறையில் முகம் கழுவி, சேலை மாற்றிக்கொண்டு போனேன். அந்தப் பெரிய ஹோட்டல் வாசலில் இருந்தே உங்கள் பெயர்தான். வந்த அத்தனை பேர் கழுத்திலும் உங்கள் பெயர் அச்சடித்த பட்டி. என் கழுத்திலும் ஒன்றைப் போட்டுவிட்டார்கள். கண்காட்சிக் கூடத்துக்கு மட்டும்தான் எனக்கு அனுமதி. உரைகளைக் கேட்கத் தனியாகக் காசு கட்ட வேண்டுமாம். வெளியே இருந்த திரையில் உங்கள் ஆள் ஒருவர், உள்ளூர்க் கடைகளுக்கு வரைபடத்தில் சரியான இடம் எவ்வளவு முக்கியம் என்று விளக்கிக்கொண்டிருந்தார். நான் நின்று கேட்டேன். நன்றாகத்தான் பேசினார்.

உங்கள் சாவடியில் நான் வாய் திறக்க முன்னமே ஒரு தம்பி என் அட்டையில் இருந்த குறியீட்டை போனால் ஸ்கேன் பண்ணினார். நான் ஏற்கெனவே உங்கள் வாடிக்கையாளர், முறைப்பாடு சொல்ல வந்தேன் என்றேன். "சுப்பர் அக்கா, அப்ப பிளட்டினத்துக்கு அப்கிரேட் பண்ணலாம்" என்றார். வரைபடத்தைத் திறந்து தண்ணீரைக் காட்டினேன். "சப்போர்ட் ஆக்கள் இங்க வரமாட்டாங்க, அது வேற டிபார்ட்மென்ட்" என்று ஒரு துணிப்பையும் பேனையும் தந்து அனுப்பினார். திரும்பவும் அன்றிரவே பஸ். அன்றிலிருந்து உங்கள் விற்பனைப் பிரிவு என்னைப் புது ஆள் என்று நினைத்து எடுத்துக்கொண்டே இருக்கிறது. உங்கள் ஆட்கள் எனக்குத் தாமாகக் கோல் எடுத்தது இதற்கு மட்டும்தான்.

அனுசரணை கொடுப்பது உங்கள் இஷ்டம். ஆனால் அந்தப் பட்டியில் என் காசும் இருக்கிறது என்பதைத் தயவுசெய்து மறக்க வேண்டாம். உங்களால் எனக்கு ஒரு சீசன் முழுக்கப் போய்விட்டது. கணக்குப் போட்டால் இருபது இலட்சத்துக்குக் குறையாது, நல்ல பெயர் கெட்டது தனி. என் தொழிலையே முடித்துவிட்டீர்கள்.

நான் சண்டைக்காரி இல்லை. மரியாதையாகவே கேட்கிறேன். பிசினஸ் புரொபைலின் முதன்மை உரிமையை என் மின்னஞ்சலுக்கு மாற்றுங்கள். விளம்பரக் கணக்கையும் வெப்சைட் கடவுச்சொல்லையும் தாருங்கள். 185,000 ரூபாவையும் திருப்பித் தாருங்கள். சேவை இலக்கத்தில் பேசிய அந்தப் பொடியன் என்னிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்க வேண்டும். புள்ளியை நானே திருத்திக்கொள்வேன், தயவுசெய்து நீங்கள் இனி அதில் கை வைக்க வேண்டாம்.

இந்த மாத முடிவுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்குப் போவேன். அவர்களின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு ஏற்கெனவே எடுத்து விசாரித்துவிட்டேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி சேவை பெற்று மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டுமாம். "கொஞ்சம் பொறுங்க அக்கா" என்று நீங்கள் இழுத்தது எதற்கு என்று இப்போதுதான் விளங்குகிறது. உங்கள் கடைசி ரிப்போர்ட்டும் பில்லும் வந்து இன்னும் மூன்று மாதம் ஆகவில்லை. மாநாட்டு ஏற்பாட்டாளர்களுக்கும் இதன் பிரதியை அனுப்புவேன், தங்கள் பிரதான அனுசரணையாளர் எப்படி வேலை செய்கிறார் என்று அவர்களும் தெரிந்துகொள்ளட்டும்.

கோல் எடுப்பதென்றால் காலை பத்து மணிக்குப் பிறகு எடுங்கள், அதற்கு முன் விருந்தினர்களின் சாப்பாட்டு வேலையில் நிற்பேன். விற்பனைப் பிரிவு எடுக்க வேண்டாம்.

இப்படிக்கு,
விடுதி உரிமையாளர்,
கல்லடி, மட்டக்களப்பு.

இணைப்பு: பற்றுச்சீட்டுப் பிரதி, டிசம்பர் மற்றும் ஜனவரி ரிப்போர்ட்டுகள், வரைபடப் படம்.