ஊசாத உணவும் நஞ்சாகும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மீந்த உணவை வீணாக்காமல் பயன்படுத்துவது பற்றித் தங்கள் இதழின் இல்லப் பக்கத்தில் அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். அதன் நோக்கத்தில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால், முகர்ந்து பார்த்து வாடை இல்லையென்றால் மீண்டும் நன்றாகக் கொதிக்கவைத்துச் சாப்பிடலாம் என்று அதில் தரப்பட்டிருந்த அறிவுரை, பல வீடுகளில் தலைமுறைகளாக நம்பப்பட்டு வருவதே என்றாலும், பாதுகாப்பானதன்று.

உணவை ஊசிப்போகச் செய்யும் நுண்ணுயிரிகள் வேறு, நம்மை நோயில் தள்ளுபவை பெரும்பாலும் வேறு. புளித்த வாடையும் பிசுபிசுப்பும் நிறமாற்றமும் முதல் வகையின் வேலை. சால்மோனெல்லா போன்ற பாக்டீரியா நோய் உண்டாக்கும் அளவுக்குப் பெருகிய உணவோ, பார்வையிலும் மணத்திலும் சுவையிலும் எந்த வேறுபாடும் காட்டாமல் இருக்கக்கூடும். நாற்றமெடுத்த உணவை நாம் எப்படியும் தொடப்போவதில்லை என்பதால், உண்மையில் நம்மை ஏமாற்றுவது நாறாத உணவுதான். வாடை வந்தால் கொட்டிவிட வேண்டும் என்பது சரியே. வாடை வராவிட்டால் உண்ணலாம் என்பது அதிலிருந்து பெறப்படும் முடிவன்று.

கொதிக்கவைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கைதான் இன்னும் ஆபத்தானது. மண்ணிலும் தானியங்களிலும் இயல்பாகவே காணப்படும் பாசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா, வெப்பத்தைத் தாங்கும் வித்துகளாக மாறி உறங்கக்கூடியது. அரிசி கொதித்துச் சோறாகும்போதும் அவ்வித்துகள் சாவதில்லை. சோறு வெளியில் வைக்கப்பட்டு மெல்ல ஆறும்போது அவை முளைத்துப் பெருகி, செரியுலைடு என்ற நச்சுப்பொருளைச் சுரக்கின்றன. இந்த நச்சு 121 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 90 நிமிடங்கள் வைத்தாலும் அழியாது என்று சோதனைகளில் கண்டிருக்கிறார்கள். பிரஷர் குக்கர் எட்டும் வெப்பமே ஏறத்தாழ அவ்வளவுதான் என்னும்போது, அடுப்பில் வைத்துக் கிளறுவதால் என்ன பயன்? ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் சுரக்கும் நச்சும் இவ்வாறே கொதிநிலையைத் தாங்கும். ஆரோக்கியமானவர்கள் பலருடைய மூக்கிலும் தோலிலும் வாழும் அந்தக் கிருமி, சமைத்து முடித்த பின் கைபட்ட உணவில் சேர்ந்து பெருகிவிட்டால், மறுபடி சூடாக்கும்போது கிருமி செத்துவிடும்; அது விட்டுச்சென்ற நஞ்சு மட்டும் அப்படியே இருக்கும்.

சூடாக்குவதே வீண் என்று சொல்ல வரவில்லை. உணவின் நடுப்பகுதி வரை 70 டிகிரிக்கு மேல் சூடேறினால் சால்மோனெல்லா உள்ளிட்ட பல கிருமிகள் மடிந்துவிடும் என்பதால், அது கட்டாயம் செய்ய வேண்டியதே. ஆனால் அது இரண்டாவது காவல்தான். முதல் காவல், சமைத்த உணவு வெளியில் எத்தனை மணி நேரம் கிடந்தது என்பதில் இருக்கிறது. சமைத்ததைச் சாதாரண அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்றும், சூடாகப் பரிமாறுவதை 60 டிகிரிக்கு மேலும் குளிரவைப்பதை 5 டிகிரிக்குக் கீழும் வைத்திருக்க வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இந்த இடைவெளியில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகுகின்றன. பெரிய அண்டாக்களில் ஆறவிடப்படும் இறைச்சிக் குழம்புகளை விரும்பும் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரின்ஜென்ஸ், ஏறத்தாழ 45 டிகிரியில் பத்து நிமிடங்களுக்குள்ளாகவே இரட்டிப்பாக வல்லது. பத்து நிமிடம் என்றே கொண்டாலும், ஒரே ஒரு கிருமி மூன்று மணி நேரத்தில் இரண்டரை இலட்சத்தைத் தாண்டிவிடும்.

ஆகவே, மீந்ததை முழுப் பாத்திரத்தோடு இரவு வரை ஆறவிடாமல், ஆழமில்லாத சிறு பாத்திரங்களில் பிரித்து, விரைவில் குளிர்பதனப் பெட்டிக்குள் வைப்பதே முறை. அந்தப் பெட்டியும் கிருமிகளைக் கொல்வதில்லை, அவற்றின் வேகத்தை மட்டுமே குறைக்கிறது. கருவுற்ற பெண்களுக்குப் பெரும் கேடு விளைவிக்கும் லிஸ்டீரியா அந்தக் குளிரிலும் மெல்ல வளரும் என்பதை அக்கட்டுரை ஒரு வரியிலாவது சொல்லியிருக்கலாம்.

தங்கள் இதழின் செய்திப் பக்கங்கள் குறித்தும் ஒன்று சொல்ல வேண்டும். உணவு நஞ்சான செய்திகளில் எல்லாம் "கெட்டுப்போன உணவை உண்டதால்" என்ற தொடர் தவறாமல் வருகிறது. உண்டவர்களுக்கு அது கெட்டதாகத் தோன்றியிருந்தால் உண்டிருக்கவே மாட்டார்களே! அதோடு, கடைசியாக உண்ட வேளையின் மீதே பழி விழுகிறது. ஸ்டஃபைலோகாக்கஸ் நஞ்சு அரை மணி முதல் 8 மணி நேரத்துக்குள் வாந்தியை வரவழைக்கும். பெர்ஃப்ரின்ஜென்ஸ் தன் வேலையைக் காட்ட 6 முதல் 24 மணி நேரம் ஆகும். சால்மோனெல்லாவுக்கு 6 மணி நேரம் முதல் 6 நாட்கள் வரை ஆகலாம். லிஸ்டீரியாவுக்கு வாரக்கணக்கிலும் ஆகலாம். காலையில் வயிறு கலங்கினால் அதற்கு முந்தைய இரவு உணவுதான் காரணம் என்று எழுதிவிட முடியாது.

உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, மாசுற்ற உணவால் ஆண்டுதோறும் சுமார் 60 கோடிப் பேர் நோயுறுகின்றனர். 4 இலட்சத்து 20 ஆயிரம் பேர் உயிரிழக்கின்றனர். அவர்களுள் 1 இலட்சத்து 25 ஆயிரம் பேர் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். இந்த அளவுக்குத் தீங்கு தரும் ஒன்றைப் பற்றிய செய்தியில், எத்தனை பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள் என்பதோடு, உணவு எப்போது சமைக்கப்பட்டது, எப்போது பரிமாறப்பட்டது, இடையில் எங்கே எவ்வாறு வைக்கப்பட்டிருந்தது என்பவற்றையும் செய்தியாளர்கள் கேட்டு எழுத வேண்டுகிறேன். முகர்ந்து பார்த்து உண்ணச் சொன்ன அந்த அறிவுரைக்கு ஒரு திருத்தத்தையும், அது வெளியான அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்